பைலட் மகளும் வாபஸ் வாங்கிய வேண்டுதலும்

போன கிழமை அக்குறணையில் ஒரு துணிக்கடை. ஜன்னல் திரைக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடப் பழக்கமுள்ள கடை. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். துணியை அளந்துகொண்டே அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“டீச்சர், ஒரு விசயம் கேக்கணும். கோவிச்சுக்க வேணாம். உங்கட அக்காட மகள்... அந்தப் பிளேன் ஓடுற புள்ள... அவக்கு ஹார்ட்ல வருத்தம் எண்டு சென்னாங்களே?”

“ஆமா ஹாஜியார்.”

“இப்ப திரும்பவும் ஓடுறாவாம்?”

“ஆமா.”

கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

“யா அல்லாஹ்! எங்கட வாப்பாக்கு ஸ்டென்ட் வெச்சதுக்குப் பொறகு நாங்க ஸ்கூட்டிச் சாவியையே ஒளிச்சி வெச்சீக்கிறம். இவக்குப் பிளேனையே குடுத்துட்டாங்களா?”

நியாயமான கேள்விதானே? உங்களுக்கும் இப்போது அதே கேள்வி வந்திருக்கும். நெஞ்சில் கோளாறு வந்த ஒருவரை நம்பி ஆகாயத்தில் ஏறுவதா?

ஹாஜியாருக்கு அன்று பாதிக் கதைதான் சொன்னேன். கடையில் கூட்டம். உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள் - என் அக்காவிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அவள் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை. பேப்பரைத் திறந்தால் நேரே ராசிபலன்; அது முடிந்தால் மரண அறிவித்தல். இரண்டுக்கும் நடுவில் தங்கச்சி ஒருத்தி எழுதிக்கொண்டிருப்பது அவளுக்கு ஒரு செய்தியே இல்லை.

அக்கா பரமேஸ்வரி கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் இருக்கிறாள். வீட்டோடு தையல். கம்பளை வீதியில் நடக்கும் கல்யாணங்களில் பாதி பிளவுஸ்கள் அவள் கைவேலைதான். அத்தான் உயிரோடு இல்லை. ஒரே மகள் தர்ஷினி. டொக்டராவாள் என்று அக்கா நினைத்தாள். என்ஜினியர் என்றாலும் சம்மதம். பேங்க் என்றாலும் பரவாயில்லை. தர்ஷினி என்ன ஆனாள்?

பைலட்.

நானூறு பேரை ஏற்றும் பெரிய விமானம் அல்ல. சக்கரத்துக்குப் பதிலாக மிதவை பூட்டிய சின்ன விமானம். ஆறு, குளம், நீர்த்தேக்கம் என்று தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கும் மலைநாட்டுக்குமாகப் பறக்கும்.

“ரோட்டுல ஓட்டுனாலும் பரவால்ல. தண்டவாளத்துல ஓட்டுனாலும் பரவால்ல. இவ ஆகாசத்துல ஓட்டி தண்ணில இறக்குறாளேடி கமலா... நடுவுல தரைன்னு ஒண்ணு இருக்கே, அது இவ கண்ணுக்குத் தெரியலையா?” என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

என்னிடம் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? ஆகவே பிள்ளையாரிடம் போனாள். தினமும் காலையில் கோயில். தினமும் அதே வரி. “அப்பனே, எம்புள்ளைக்குத் தரையில ஒரு வேலையக் குடு.”

இப்படிச் சில வருடம் போனது. பிள்ளையார் கேட்ட மாதிரி தெரியவில்லை. தர்ஷினி கேப்டனாகவும் ஆகிவிட்டாள்.

அப்புறம் ஒரு நாள், கம்பளை பஸ்.

லீவில் வந்திருந்தாள். கண்டியில் சாமான் வாங்கிக்கொண்டு நானும் அவளும் கெலிஓயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டிரைவர் முன்னால் போன பஸ்ஸை எப்படியாவது முந்துவதென்று நேர்ந்துகொண்டவர் போல ஓட்டினார். கெட்டம்பே தாண்டியதும் தர்ஷினி என் கையைப் பிடித்தாள்.

“சித்தி, என் பல்ஸப் பாருங்க.”

மணிக்கட்டைத் தொட்டேன். எண்ண முடியவில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளியே இல்லை. கழுத்து நரம்பு துள்ளுவது வெளியிலேயே தெரிந்தது. முகம் வெளுத்து, உதட்டுக்கு மேல் வியர்வை.

“பயந்துட்டியா?” என்றேன். அந்த டிரைவருக்குப் பயப்படாதவர் யார்?

“இல்ல சித்தி. சும்மா உக்காந்திருந்தேன். யாரோ சுவிட்சப் போட்ட மாதிரி ஆரம்பிச்சுது.”

பஸ்ஸில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் மற்ற எல்லோருக்கும் டொக்டர் பட்டம் வந்துவிடும். சோடா குடு என்றார் ஒருவர். குனிந்து உட்கார் என்றார் இன்னொருவர். பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா, “காலையில சாப்பிட்டுச்சா அந்தப் புள்ள? இந்தக் காலத்துப் புள்ளைங்க சாப்பிடுறதில்ல” என்று நோயையும் காரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கண்டக்டர் டிரைவரைத் திட்டினார். டிரைவர் முதல் முறையாக மெதுவாக ஓட்டினார். பேராதனையில் இறங்கி ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பஸ் நின்றுவிட்டது. நெஞ்சு நிற்கவில்லை. அதே ஓட்டம்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி எடுத்தார்கள். ஊசி போடும் வெற்றுச் சிரிஞ்சைக் கொடுத்து மூச்சை அடக்கி ஊதச் சொன்னார்கள். முக்கி முக்கி ஊதினாள். பலனில்லை. பிறகு கையில் ஒரு ஊசி. மருந்து ஏறியதும் அவள் கண்கள் ஒரு கணம் நிலைகுத்தின - நான் கத்தியே விட்டேன். அடுத்த கணம் மெஷினில் கோடுகள் அழகாக, இடைவெளி விட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவது போல் போயின.

டொக்டர் இளவயது. பொறுமையாகச் சொன்னார். நெஞ்சில் கரண்ட் போக ஒரு பாதை உண்டு. இவளுக்குப் பிறப்பிலேயே கூடுதலாக இன்னொரு குட்டிப் பாதை இருக்கிறது. சில நேரம் கரண்ட் அந்தக் குறுக்குப் பாதையில் புகுந்து வட்டமடிக்கத் தொடங்கிவிடும். உயிருக்கு உடனே ஆபத்தில்லை. பெரும்பாலும் குணமாக்கலாம்.

“சரி, என்ன வேலை செய்றீங்க?”

“பைலட்.”

டொக்டரின் பேனா நின்றது. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு சக்தி.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். பால் சேர்க்காத பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி... இத நான் ஆபீஸ்ல சொல்லலேன்னா ஒருத்தருக்கும் தெரியாது.”

நான் அவள் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

“சொன்னா நாளைக்கே நிறுத்திருவாங்க. திரும்ப ஓட்ட விடுவாங்களோ, விடவே மாட்டாங்களோ.”

டீ ஆறிப் போனது. பக்கத்தில் ஒரு ஓட்டோக்காரர் இரண்டு முறை எங்களைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு சவாரி பிடித்துப் போய்விட்டார். அவள் போனை எடுத்தாள்.

“பின்னால உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே சித்தி.”

அவளே பேசினாள். குரல் நடுங்காமல் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தப் பெஞ்சில் வைத்து எனக்கு ஒன்று விளங்கியது: இவள் ஓட்டும் விமானத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். (எப்படியும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவேன், அது வேறு விசயம்.)

தர்ஷினி தரைக்கு வந்தாள். பறக்கத் தடை.

முதல் கிழமை அக்காவுக்குத் திருவிழா. மகள் வீட்டோடு! இடியப்பம், சொதி, மாலையில் வடை. “வருத்தம் வந்ததும் ஒரு வகையில நல்லதுக்குத்தான்” என்றுகூட ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது கிழமை சொந்தக்காரர்கள் வந்தார்கள். நெஞ்சு படபடக்கிறது என்றால் நம்மாட்களிடம் ஒரே மருந்துதான் உண்டு. “கல்யாணத்தப் பண்ணி வைங்க அக்கா, எல்லாம் சரியாயிரும்.” கல்யாணமானவர்களின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று யாராவது ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்திருக்கிறார்களா? ஒரு தரகர் இன்னும் ஒரு படி மேலே போனார். “முந்தி பைலட்டுன்னதும் மாப்ள வீட்டுக்காரங்க பயந்தாங்க. இப்ப அந்தப் பிரச்சின இல்லதானே?”

தர்ஷினி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்காமலே அது என்ன விமானம், எங்கே போகிறது என்று சொல்வாள். மூன்றாவது கிழமையோ என்னவோ, சத்தம் கேட்டதும் அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காவின் கால் மிதிப்பதை நிறுத்தியது.

மறுநாள் அக்கா எனக்குப் போன் பண்ணி உடனே வரச் சொன்னாள். நான் இருக்கும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். பிளவுஸ் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“நான்தான்டி செஞ்சேன்.”

“என்னத்த?”

“தெனமும் போய்க் கேட்டேனே... தரையில வேலையக் குடுன்னு. குடுத்துட்டாரு. நெஞ்சுல கைய வெச்சுக் குடுத்துட்டாரு.”

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. “இது பொறப்புலயே இருந்தது அக்கா. டொக்டர் சொன்னாரே. நீ கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“பொறப்புல இருந்ததுன்னா ஏன் இவ்வளவு நாளா வரல?”

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். எழுந்து அவளுக்குப் பிளேன்டீ ஊற்றப் போனேன்.

அன்று மாலையே என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கையில் தேங்காய், பழம், அறுகம்புல் மாலை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல், “என்ன வேண்டுதலும்மா?” என்றார்.

“வேண்டுதல் இல்ல சாமி. வாபஸ்.”

“என்னது?”

“முந்திக் கேட்டத வாபஸ் வாங்கணும்.”

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் கொடிமரத்தைப் பார்த்தேன். அவருடைய அனுபவத்தில் இப்படி ஒரு அர்ச்சனை வந்ததில்லை போல. “அவர்கிட்டயே நேர்ல சொல்லிருங்கம்மா” என்று தட்டோடு உள்ளே போய்விட்டார்.

அக்கா சந்நிதியில் நின்று சொன்னாள். மனசுக்குள் அல்ல, எனக்குக் கேட்கும்படியாகவே. “அப்பனே, நான் வாய் தெரியாமக் கேட்டுட்டேன். அவ பறக்கட்டும். அவளுக்கு அதுதான் சந்தோசம்னா பறக்கட்டும்.” கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். நகர்ந்தாள். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். தாயல்லவா? முழுசாக விட்டுக் கொடுத்துவிடுவாளா? “ஆனா தனியா வேணாம். கூட ஒரு ஆளு இருக்கட்டும்.”

கோயிலில் இவ்வளவு தெளிவாகப் பேரம் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு கொழும்பில் சிகிச்சை. தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயர்களை நெஞ்சு வரை அனுப்பி, அந்தக் குறுக்குப் பாதையைத் தேடிப் பிடித்துச் சுட்டுவிடுவார்கள். தேடிப் பிடிப்பதற்காக வேண்டுமென்றே படபடப்பை வரவழைப்பார்களாம். இவள் முழித்தபடியே படுத்திருந்தாளாம்.

“டொக்டரும் பைலட் மாதிரிதான் சித்தி. உள்ள எதையும் நேர்ல பாக்க முடியாது. ஸ்கிரீனப் பாத்தே ஓட்டுறாரு. நல்லா லேண்ட் பண்ணினாரு” என்றாள் வார்டில். வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத்தான் பிரஷர் ஏறி, தாதி வந்து குளிசை கொடுக்க வேண்டி வந்தது.

சிகிச்சை முடிந்தால் உடனே சாவியைக் கொடுத்துவிடுவார்களா? இல்லை. மாதக்கணக்கில் காத்திருப்பு. திரும்பத் திரும்ப சோதனை. ஓடும் பட்டியில் ஏற்றி மூச்சு வாங்கும் வரை ஓட விட்டார்கள். அதற்காகக் கெலிஓயா மேட்டில் தினமும் ஏறி இறங்கிப் பழகினாள். துணைக்குப் போன நான் முதல் வளைவிலேயே துணையை வாபஸ் வாங்கினேன்.

ஒரு தடவை, ஒரு நாள் முழுக்க நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டியைப் பூட்டி அனுப்பினார்கள். வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் செய்யச் சொன்னார்கள். அன்று பார்த்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். சேலைக்குள் வயர், இடுப்பில் பெட்டி, அதில் மினுங்கும் ஒரு பச்சை வெளிச்சம். எங்கள் பக்கத்து மேசை மாமி கண்ணால் அளந்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

“அது என்னாங்க, இடுப்புல?”

“ரெக்கார்ட் பண்ணுது மாமி” என்றேன். பொய் சொல்லவில்லை. என்ன ரெக்கார்ட் ஆகிறது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

செய்தி பந்திக்குப் பந்தி பரவியது. எங்கள் குடும்ப வரலாற்றில் யாரைப் பற்றியும் யாரும் எதுவும் பேசாமல் முடிந்த ஒரே கல்யாணம் அதுதான். எல்லோரும் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவையும்கூட!

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது டொக்டர் சொன்னாராம், துடிப்பில் ஒரு தப்புமில்லை என்று. கல்யாண வீட்டிலேயே தப்பில்லை என்றால் ஆகாயத்தில் என்ன வரப்போகிறது?

கடைசியில் விமானிகளுக்கான வைத்தியக் குழு. எல்லா ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு குடைந்து குடைந்து கேட்டார்கள். முடிவு வர நாளானது. அந்த நாட்களில் தர்ஷினி போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. அக்கா தைத்த பிளவுஸ்களில் இரண்டுக்கு ஒரு பக்கக் கை நீளமாகிப் போனது.

நான் அங்கே இருந்தபோதுதான் போன் வந்தது. தர்ஷினி கேட்டுக்கொண்டே இருந்தாள். “யெஸ்... யெஸ்... தேங்க் யூ.” வைத்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது. பாதி வழியில் நின்றது.

“என்னாடி?” அக்கா.

“பறக்கலாம்மா. ஆனா ஒரு கண்டிஷன். இனிக் கொஞ்ச காலத்துக்கு நான் தனியா ஓட்டக்கூடாது. எப்பவும் பக்கத்துல இன்னொரு பைலட் இருக்கணும்.”

அவளுக்கு அது ஒரு குறை. கேப்டனாக இருந்தவள், சில பயணங்களைத் தனியாகவே ஓட்டிப் போனவள். “எனக்கு ஏதாவது ஆனாப் பாத்துக்கிறதுக்கு ஆள் போடுறாங்க” என்றாள் முகத்தைத் தூக்கி.

அக்கா? மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது? லொத்தரில் முதல் பரிசு விழுந்தவர்கள், டிக்கட் வாங்காதவர்களைப் பார்க்கும் பார்வை.

“என்னமோ சம்பந்தமில்லன்ன?”

உலகம் முழுவதும் இப்படி நெஞ்சு வருத்தம் வந்து திரும்பும் விமானிகள் பலருக்கு இந்தக் கட்டுப்பாடு வழக்கம்தான், அது ஒரு சாதாரண விதி, என்று விளக்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சில இடங்களில் விஞ்ஞானம் கொஞ்சம் தள்ளி நிற்பது மரியாதை.

இதெல்லாம் நடந்து, போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி பொல்கொல்லைக்கு வந்தாள். திரும்பப் பறக்கத் தொடங்கிய பிறகு கண்டிப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. அக்காவும் நானும் நீர்த்தேக்கக் கரையில் ஒரு மணித்தியாலம் முந்தியே போய்க் காத்திருந்தோம். அக்கா புதுச் சேலை.

மலைக்கு அந்தப் பக்கம் முதலில் சத்தம். பிறகு வெள்ளையாக ஒரு பொட்டு. பெரிதாகி, சரிந்து, மரங்களுக்கு மேலால் தாழ்ந்து வந்தது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

“எறங்கிருச்சாடி?”

“நீயே பாரேன்.”

“நான் கண்ண மூடியிருக்கேன். நீ சொல்லு.”

தண்ணீர் இரண்டு கோடாகக் கிழிந்தது. நுரை எழுந்தது. விமானம் ஒரு வாத்தைப்போல் மிதந்து திரும்பிக் கரைக்கு வந்தது. “எறங்கிருச்சு அக்கா” என்றேன்.

சுற்றுலாக்காரர்கள் இறங்கினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தர்ஷினியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. வெள்ளைச் சட்டையும் தோள்பட்டியுமாக தர்ஷினி பலகைப் பாலத்தில் நடந்து வந்தாள். அக்கா அவளைக் கட்டிப் பிடித்தாள். தலையைத் தடவினாள். அப்புறம் மகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, பின்னால் வந்த கோ-பைலட்டிடம் நேராகப் போனாள்.

யாழ்ப்பாணத்துப் பையன். உயரமாக, ஒல்லியாக, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

“தம்பி, நீங்கதான் எம்மக கூடப் பறக்கிறவரா?”

“ஓம் அன்ரி.”

“ஒங்க ஹார்ட் எப்படி?”

“ஆ...?”

“ஹார்ட்டுங்க தம்பி. எம்புள்ளைக்கு ஏதும்னா நீங்க பாத்துக்குவீங்க. சரி. ஒங்களுக்கு ஏதும்னா?”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அன்ரி. போன மாசமும் செக் பண்ணினவை. எல்லாம் நோர்மல்.”

“அம்மா, வாங்க” என்று தர்ஷினி பல்லைக் கடித்தாள். அக்கா அசையவில்லை. கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பையனை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தாள்.

“பேரு என்ன தம்பி? நட்சத்திரம்?”

அவள் கேட்டது அர்ச்சனை செய்வதற்கு. சத்தியமாக அதற்கு மட்டும்தான். ஆனால் கல்யாண வயதில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? காது நுனி வரை சிவந்துபோனான். தர்ஷினியைப் பார்த்தான். அவள் நீர்த்தேக்கத்தைப் பார்த்தாள்.

“ரோ... ரோகிணி, அன்ரி.”

அந்த நிமிடத்தில் யாராவது ஓர் ஈ.சி.ஜி எடுத்திருந்தால், லைசன்ஸ் போயிருப்பது அந்தத் தம்பிக்குத்தான்!